பழைய லாரி எஞ்சினை வண்டிப் பாதைக்குப் பக்குவப்படுத்துதல்

விளைபொருள் விற்பனையில் ஈடுபட்டுள்ள கூட்டுறவுச் சங்கங்கள் சிலவற்றில் பழைய லாரி ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் அது தார்ச்சாலையில் ஆலைக்கும் நகரத்துக்கும் ஓடியிருக்கும். ஆண்டுகள் பல சென்றபின், நெடும் பிரயாணத்துக்கு அது உதவாதென்று கருதி, தோட்டத்திலிருந்து சங்கக் கிடங்குக்கு விளைபொருளைக் கொண்டுவரும் வேலையில் அதனை அமர்த்திவிடுகிறோம். "இனி ஓடப்போவது ஐந்து கிலோமீட்டர்தானே! எஞ்சின் எப்படி இருந்தால் என்ன?" என்ற எண்ணம் நிர்வாகிகளுக்கு உண்டாவது இயல்பு.

உண்மை இதற்கு நேர்மாறானது. தூரம் குறைவு, ஆனால் உழைப்பு மிகுதி. புழுதியும் மேடுபள்ளமும் ஓடை இறக்கமும் நிறைந்த வண்டிப் பாதை, தார்ச்சாலையைவிடப் பன்மடங்கு கடினமான வேலையை எஞ்சினிடம் வாங்குகிறது. அங்கே அது நின்றுவிட்டால் விளையும் நஷ்டமும் சிறியதன்று. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கும். ஓடைக் கரையில் லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும், ஓர் அங்கத்தினரின் ஓராண்டு உழைப்பிலிருந்து கழிக்கப்படுகின்றது. சரிவில் எஞ்சின் நின்றாலோ ஆபத்து உயிருக்கே நேரலாம். காற்றுப் பிரேக் பூட்டிய லாரியில் காற்றை நிரப்பும் கம்ப்ரெசரைச் சுழற்றுவது எஞ்சினே அல்லவா?

ஆகவே, பழைய டீசல் எஞ்சின் ஒன்றினை வண்டிப் பாதைக்கு எவ்வாறு பக்குவப்படுத்துவது, பக்குவம் வந்துவிட்டதா என்பதை எவ்வாறு சோதித்தறிவது என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். லாரியைத் தொட்டறியாத நெசவாளர் அங்கத்தினருக்கும் இதில் அக்கறை உண்டு. அவர்தம் பங்குத் தொகையும் சேர்ந்தே சங்கத்தின் சொத்துகள் பராமரிக்கப்படுகின்றன.

1. பாதை எஞ்சினிடம் கேட்பது என்ன?

எடுத்துக்காட்டாக டாட்டா 697 எஞ்சினைக் கொள்வோம். நம் நாட்டில் பழைய லாரிகள் பலவற்றில் இதனைக் காணலாம். 1954ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே வந்த எஞ்சின் மரபைச் சேர்ந்தது இது. அதன் எண்ணிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது: சிலிண்டர்கள் 6, ஒவ்வொன்றின் குறுக்களவு 97 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 128 மில்லிமீட்டர். ஆகவே ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 5.7 லிட்டராகும். இதற்கு மூத்த 692 எஞ்சினில் குறுக்களவு 92 மில்லிமீட்டர். வேறு நிறுவனத்தாரின் எஞ்சினாயினும் இங்குக் கூறும் முறைகள் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் கைப்புத்தகத்திலிருந்து கொள்ள வேண்டும்.

தார்ச்சாலையில் எஞ்சின் வேகமாகச் சுழலும், எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும், புழுதி குறைவு. வண்டிப் பாதையில் லாரி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், முதல் கியரில், முழுப் பாரத்தோடு ஊர்கிறது. எதிர்க்காற்று இல்லாததால் குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் விசிறியைச் சார்ந்தது. முன்சென்ற வண்டி எழுப்பிய புழுதியையே எஞ்சின் மூச்சாக இழுக்கிறது. வண்டி ஒருபுறம் சாயும்பொழுது டாங்கியிலுள்ள டீசலும் அடித்தொட்டியிலுள்ள ஆயிலும் ஒருபுறம் ஒதுங்குகின்றன.

இதனால் நாம் வேண்டுவது அதிக வேகமோ அதிகக் குதிரைத் திறனோ அன்று. குறைந்த சுழற்சியில் திணறாத இழுவை, கொதிக்காத நீர், தூய காற்று, தடைப்படாத டீசல் ஆகிய நான்குமே வேண்டுவன. "எஞ்சினை டியூன் செய்தல்" என்றால் சக்தியைக் கூட்டுதல் என்று பலர் பொருள் கொள்கின்றனர். நம் வேலைக்கு அதன் பொருள், எஞ்சினைச் செய்தவர்கள் வகுத்த அளவுகளுக்கு அதனை மீட்டுக் கொண்டுவருதல் என்பதே.

2. செலவுக்கு முன் சோதனை

எஞ்சின் சீர்ப்படுத்தத் தக்கதா, அன்றி உள்ளுறுப்புகள் தேய்ந்து போனதா என்பதை முதலில் அறிய வேண்டும். தேய்ந்த எஞ்சினுக்குச் செய்யும் டியூனிங், இற்றுப்போன பாவில் புதிய ஊடு நெய்வதை ஒக்கும். கீழ்க்கண்ட சோதனைகளுக்கு அதிகச் செலவில்லை.

புகைச் சோதனை: எஞ்சின் சூடேறியபின் புகையைக் கவனிக்க வேண்டும். கரும்புகை, டீசல் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் வெண்புகை வருவது குற்றமன்று. சூடான பின்னும் நீடிக்குமாயின் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது சிலிண்டருக்குள் நீர் கசிகிறது என்று ஐயுற வேண்டும்.

ஆயில், நீர்ச் சோதனை: எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. இந்தச் சோதனையில் ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுதே கழற்ற வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடியைக் கழற்றியபின் எஞ்சினை ஓட்டினால் நீரில் இடைவிடாது குமிழிகள் தோன்றுமாயின் ஹெட் காஸ்கெட் பழுதென்று கருதலாம்.

மூச்சுச் சோதனை: எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இலேசான ஆவி வருவது இயல்பு. ரயில் எஞ்சின்போல் குபுகுபுவென்று புகை தள்ளுமாயின், எரியும் வாயு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்குகின்றது.

சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனை: எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது, ஒரு நாசிலுக்குச் செல்லும் டீசல் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. நல்ல சிலிண்டராயின் எஞ்சினின் ஓட்டம் உடனே தாழ்ந்து நடுங்கும். எவ்வித மாறுதலும் இல்லையெனில் அந்தச் சிலிண்டர் முன்னரே வேலை செய்யவில்லை என்பது தெளிவு. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். இதனைப் பழகிய மெக்கானிக்கே செய்ய வேண்டும். பீறிடும் டீசலின் எதிரே எவரும் கையை நீட்டலாகாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே புகவல்லது. அக்காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும்.

கம்ப்ரெஷன் சோதனை: நாசிலைக் கழற்றிய துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி ஆறு சிலிண்டர்களையும் அளக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரிகிறது. ஆதலின் அழுத்தம் குன்றினால் யாவும் குன்றும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் வால்வின் குற்றம். அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெட் எரிந்திருக்கலாம். ஆறுமே கைப்புத்தக அளவுக்குக் கீழே இருந்து, மூச்சுச் சோதனையும் கெட்டிருந்தால், ரிங்குகளும் லைனர்களும் தேய்ந்துவிட்டன என்பது முடிவு. அந்நிலையில் டியூனிங் வேலைக்கு ஒரு ரூபாயும் செலவிடலாகாது. எஞ்சினை முற்றிலும் பிரித்துப் புதுப்பிப்பதா, லாரியை விற்றுவிடுவதா என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும்.

3. சீர்ப்படுத்தும் வரிசை

சோதனையில் தேறிய எஞ்சினைக் கீழ்க்கண்ட வரிசையிலேயே சீர்ப்படுத்துதல் நன்று. எளியதும் மலிவானதும் முதலில் வரவேண்டும். பல சமயங்களில் முதல் மூன்று வேலைகளிலேயே எஞ்சின் குணமடைந்துவிடுவதுண்டு.

முதலாவது, காற்று. பழைய லாரிகள் பலவற்றில் ஆயில் தொட்டியுள்ள ஏர் கிளீனர் இருக்கும். தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புதிய ஆயிலைக் குறியளவுக்கு ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினால் அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சி, நிறுத்த முடியாத வேகத்தில் ஓடத் தொடங்கும் அபாயம் உண்டு. கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வெடிப்பு இருந்தாலும் கிளீனர் இருந்தும் இல்லாததற்குச் சமம். லைனரைத் தின்பது புழுதியே.

இரண்டாவது, குளிர்ச்சி. வயலில் ஓடும் லாரியின் ரேடியேட்டர் இடுக்குகளில் பஞ்சுத் துகளும் பதரும் அடைந்துகொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக நீரைப் பாய்ச்சி அவற்றை வெளியேற்ற வேண்டும். விசிறி பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும் என்று கூறுவோர் உளர். அது பிழை. சில எஞ்சின்களில் அதனைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றிவரும். மேலும், தக்க சூட்டை அடையாத எஞ்சின் விரைவில் தேயும்.

மூன்றாவது, டீசல். டாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரையும் கசடையும் வடித்துவிட வேண்டும். பில்டர்களை மாற்றியபின், கைப்பம்பினால் டீசலைத் தள்ளி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டிப் பாதையில் ஓடும் லாரியின் டாங்கியைக் கால்பங்குக்குக் கீழே குறைய விடலாகாது. வண்டி சாய்ந்தால் குழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றை இழுத்துவிடும்; நடு ஓடையில் எஞ்சின் நின்றுவிடும்.

நான்காவது, வால்வு இடைவெளி. இதனை மெக்கானிக்குகள் டாப்பெட் வைத்தல் என்பர். இடைவெளி மிகக் குறைந்தால் வால்வு முற்றிலும் மூடாமல் கருகும். மிகுந்தால் ஓசை எழுவதோடு காற்றும் குறையும். 697 எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 5, 3, 6, 2, 4 என்பதாகும். இவ்வரிசையில் 1க்கு 6உம், 5க்கு 2உம், 3க்கு 4உம் இணைகள். இணையில் ஒன்றின் இரு வால்வுகளும் ஒருங்கே அசையும் தருணத்தில், மற்றதன் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். அப்பொழுது அதன் இடைவெளியை வைக்கலாம். அளவை அந்த எஞ்சினின் கைப்புத்தகப்படி பில்லர் கேஜினால் வைக்க வேண்டுமேயன்றி, காதால் கேட்டு வைத்தல் போதாது.

ஐந்தாவது, நாசில்கள். இவற்றை டீசல் பம்ப் கடையில் கைச்சோதனைக் கருவியில் பொருத்திப் பார்க்கலாம். ஆறும் ஒரே அழுத்தத்தில் திறந்து, பனிபோல் தூவி, சொட்டாமல் நிற்க வேண்டும். பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் துணி முழுவதும் குற்றப்படுவதை நெசவாளர் அறிவார். அதுபோன்றே ஒரு நாசில் ஒழுகினாலும் எஞ்சின் முழுவதும் அதிரும். திரும்பப் பூட்டும்பொழுது அடியிலுள்ள செம்பு வாஷர்களைப் புதிதாக இட வேண்டும்.

ஆறாவது, டைமிங். பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னதாக, வகுத்த தருணத்தில் டீசல் பீச்சப்பட வேண்டும். முந்தினால் எஞ்சின் சம்மட்டி அடிப்பதுபோல் ஓசையிடும்; பிந்தினால் புகையும் சூடும் மிகுந்து இழுவை குறையும். கப்பியிலோ ஃபிளைவீலிலோ உள்ள குறியைக்கொண்டு, பழகிய மெக்கானிக்கே இதனைச் சரிபார்க்க வேண்டும்.

4. செய்யத் தகாதது ஒன்று

"பம்பைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்; மலையே ஏறும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உளர். டீசல் பம்பின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருப்பி, எஞ்சினுக்கு அதிக டீசல் ஊட்டுவதே இதன் பொருள். அன்றைக்கு இழுவை கூடியதுபோல் தோன்றும், டிரைவரும் மகிழ்வார். ஆனால் உள்ளே வரும் காற்றின் அளவு கூடவில்லை. எரியாத டீசல் கரும்புகையாகி வெளியேறும். ஒரு பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலோடு கலக்கும். பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடேறும். எதிர்க்காற்றில்லாமல் ஊரும் லாரிக்கு இது இரட்டை ஆபத்து. பம்பின் முத்திரையை உடைத்தல் கூடாது என்பதை வேலைக்கு விடும்பொழுதே எழுத்தில் கொடுத்துவிடுதல் நன்று.

வேறோர் எஞ்சினை மாற்றிப் பூட்டுதல் போன்ற மாற்றங்களும் தாமே செய்துகொள்ளத்தக்கன அல்ல. செய்தவர் வகுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. வயலுக்குச் செல்லும் பாதையும் பெரும்பாலும் பொதுப்பாதையே. ஆகவே தகுதிச் சான்று, இன்சூரன்சு, புகைச் சான்று ஆகியன இந்த லாரிக்கும் வேண்டும்.

5. பாதையிலே சோதனை

வேலை முடிந்ததும் லாரியைத் தார்ச்சாலையில் விரைவாக ஓட்டிக் காட்டி, "பாருங்கள், பறக்கிறது" என்று ஒப்படைப்பது வழக்கம். நம் வேலைக்கு இச்சோதனையால் பயனில்லை. எந்தப் பாதையில் உழைக்க வேண்டுமோ அந்தப் பாதையிலேயே சோதிக்க வேண்டும். முதலில் பிரேக்கைச் சரிபார்த்தபின், பாரமின்றியும், பின்னர் அரைப் பாரத்தோடும், இறுதியில் முழுப் பாரத்தோடும் ஓட்டலாம். பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றலாகாது.

அ. ஊர்தல் சோதனை: முழுப் பாரத்தோடு முதல் கியரில் இருபது நிமிடம் ஓட்டுக. சூட்டுமானியின் முள் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். நில்லாது ஏறிக்கொண்டே போனால் குளிர்ச்சியில் குறை உண்டு.

ஆ. ஏற்றத்தில் நின்று புறப்படும் சோதனை: மிதமான ஏற்றத்தில் நிறுத்தி, மீண்டும் புறப்படச் செய்க. எஞ்சின் அலறாமலும் அணையாமலும் கிளட்ச் தீயாமலும் புறப்பட வேண்டும். பின்புறத்தில் ஒருவரும் நிற்கலாகாது.

இ. இறக்கச் சோதனை: ஏறிய கியரிலேயே இறங்குக. எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். நியூட்ரலில் இறங்குதல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

ஈ. ஆயில் அழுத்தச் சோதனை: இவ்வளவும் முடிந்து எஞ்சின் நன்கு சூடேறியபின், மெதுவாக ஓடும் நிலையில் அழுத்தமானியைப் பார்க்க. குளிர்ந்த எஞ்சின் காட்டும் அழுத்தம் ஏமாற்றும். சூட்டில் காட்டுவதே மெய்.

ஓடையைக் கடப்பதற்கு ஒரு விதி போதும். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு மேல் நீர் இருந்தால் இறங்கலாகாது. நீரில் எஞ்சின் நின்றுபோய், காற்றுக் குழாய் வழியே நீர் புகுந்ததென்ற ஐயம் எழுந்தால், ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. நீரை அழுத்த இயலாது; அதனை அழுத்த முயலும் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். லாரியை வெளியே இழுத்து, நாசில்களைக் கழற்றி நீரை வெளியேற்றியபின்னரே எஞ்சினைச் சுழற்ற வேண்டும்.

6. கணக்கும் பதிவேடும்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்பொழுது, "எஞ்சின் வேலை" என்ற இரண்டு சொற்களோடு முடியும் ரசீதுகளை நான் பன்முறை கண்டிருக்கிறேன். என்ன வேலை, எந்த உறுப்பு, வேலைக்கு முன் நிலை என்ன, பின் நிலை என்ன என்பவை அவற்றில் இரா. அத்தகைய ரசீது செலவைக் காட்டுமேயன்றிப் பயனைக் காட்டாது. அடுத்த ஆண்டு அதே வேலை மீண்டும் செய்யப்பட்டாலும் கேட்பார் இரார்.

ஆகவே லாரிக்கென ஒரு பதிவேடு வேண்டும். மேற்கூறிய சோதனைகளின் முடிவை வேலைக்கு முன் ஒரு பத்தியிலும், வேலைக்குப்பின் அடுத்த பத்தியிலும் எழுதி, மெக்கானிக், டிரைவர், செயலாளர் மூவரும் கையொப்பமிட வேண்டும். கழற்றிய பழைய உறுப்புகளைத் திரும்பப் பெற்றுக் கிடங்கில் வைக்க வேண்டும்.

ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டர்க் கணக்கில் விடலாகாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் பத்து மணி நேரம் ஓடினால் மீட்டர் ஐம்பதையே காட்டும். ஆனால் எஞ்சின் உழைத்தது பத்து மணி. டிராக்டருக்குச் செய்வதுபோல் மணிக் கணக்கே இதற்குத் தகும். டிரைவர் நாள்தோறும் ஓடிய மணிகளைக் குறித்து வருதல் போதும்.

டீசல் கணக்கையும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, ஒரு டன் விளைபொருளைக் கிடங்கில் சேர்க்க எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே மேல். சமதளத்தில் டாங்கியை நிரம்ப ஊற்றித் தொடங்கி, பத்து நடை முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் நிரப்பி அளக்கலாம். 40 டன்னுக்கு 30 லிட்டர் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு முக்கால் லிட்டர் ஆகிறது. அதே பாதையில், அதே பருவத்தில் இந்த எண் மாதந்தோறும் ஏறிவருமாயின், எஞ்சின் நோயுற்றதை அது நிற்பதற்கு முன்னரே நாம் அறிவோம்.

லாரியை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கேள்வி மகாசபையில் எழும்பொழுது, "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று ஒருவரும், "ஓட்டை லாரி" என்று மற்றொருவரும் வாதாடுவதில் பயனில்லை. பதிவேட்டைப் படித்துக் காட்டினால் அதுவே விடை கூறும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நமது லாரியின் ஆறு சிலிண்டர்களின் அழுத்தம் கடைசியாக எப்பொழுது அளக்கப்பட்டது? எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

2. ஏர் கிளீனரைக் கழுவும் பொறுப்பு யாருடையது? எத்தனை மணி ஓட்டத்துக்கு ஒருமுறை கழுவப்படுகிறது?

3. சென்ற பருவத்தில் ஒரு டன் விளைபொருளைக் கிடங்கில் சேர்க்க எத்தனை லிட்டர் டீசல் செலவாயிற்று?

4. லாரி வழியில் நின்றதால் எந்த அங்கத்தினரின் விளைபொருள் கெட்டது? அந்நஷ்டம் எவர் கணக்கில் எழுதப்பட்டது?

நான்காம் கேள்விக்கு எந்தச் சங்கத்திலும் ஏட்டில் விடை இராது. விடை இல்லாமையே அதனைக் கேட்பதற்குரிய காரணமாகும்.